மகுடம் வைக்காத சோணையம்மா

வண்டியூர்த் தெப்பக்குளத்தில் அந்த வருஷம் தண்ணீர் தளும்பி நின்றது. தைப்பூசத்தன்று பொழுது விடிந்ததிலிருந்தே கூட்டம். பலூன்காரர், கரும்புக்காரர், வளையல்காரர் என்று குளத்துச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே சாக்கை விரித்துச் சாமி படங்களைச் சாத்தி வைத்திருந்தாள் தங்கப்பொண்ணு. அச்சுப் படங்கள் அல்ல. எல்லாம் அவள் கையால் பென்சிலிலும் கரியிலும் வரைந்தவை. மீனாட்சி, மாரியம்மன், முருகன், முனியாண்டி என்று வீட்டுச் சுவரில் மாட்டிக் கும்பிடுகிற அளவில் இருந்தன.

கலர்ப் படம் பார்த்துப் பழகிய சனங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "என்னத்தா, எல்லாச் சாமியும் கறுப்பா இருக்கு?" என்பார்கள்.

"கரியில போட்டா கறுப்பாத்தான் இருக்கும். வீட்டுல விளக்க ஏத்தி வச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்பாள் தங்கப்பொண்ணு.

அவள் புருஷன் பால்பாண்டிக்குப் பழங்காநத்தத்தில் கரிக்கடை. இஸ்திரிக்காரர்களும் டீக்கடைக்காரர்களும் மூட்டையாக வாங்கிப் போகிற கடை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே டிராயிங் பரீட்சையில் லோயரும் ஹையரும் தேறியிருந்தவளுக்கு, வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கரிக்குக் குறைவில்லாமல் போனது வசதியாகிவிட்டது. புளியங்குச்சிகளைத் தகர டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்துச் சுட்டு, வரைவதற்கு வேண்டிய மெல்லிய கரிக்குச்சிகளைத் தானே செய்துகொள்வாள். தலைமுடிக்கும் சேலை மடிப்புக்கும் கரி, கண்ணுக்கும் உதட்டுக்கும் பென்சில் என்பது அவள் கணக்கு.

அன்றைக்கு அந்த வழியாக வந்த ஒரு அம்மாள் மாரியம்மன் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். முன்னே போய்க்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. இந்த மாரியாத்தா நம்மளையே பாக்குறா."

புருஷன் திரும்பி வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, அரசாங்க உத்தியோகம் என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் பெயர் உக்கிரபாண்டி. மனைவி சீனியம்மாள். கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்திரையில் பால் காய்ச்ச வேண்டும்.

"ஏம்மா, எங்க குலசாமிக்கு உருவமே கெடையாது" என்றாள் சீனியம்மாள். "கோயில்ல ஒரு கல்லு, ஒரு பெட்டி, அம்புட்டுத்தான். காலண்டர்க்காரன் எல்லாச் சாமியையும் போடுறான், எங்க சாமியப் போட மாட்டேங்குறான். புது வீட்டுல மாட்டணும். நீ வரைஞ்சு தருவியா?"

"என்ன சாமிக்கா?"

"சோணையம்மா. செக்கானூரணிக்கு மேற்க, புளியங்கரைப்பட்டி."

தங்கப்பொண்ணு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பொறந்த ஊரு அதுதான்க்கா."

உக்கிரபாண்டி இப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "எந்தத் தெரு?"

"கீழத்தெரு. சுடலை மக."

சுடலை, உக்கிரபாண்டியின் அப்பா காலத்திலிருந்தே அவர்கள் வயலில் உழுகிறவர். "சுடலை மகளா? இம்புட்டுக்காணு இருந்த புள்ள. நீயா இதெல்லாம் வரையுற?"

"ஆமாண்ணே" என்றாள் தங்கப்பொண்ணு.

ஊரில் அவளுடைய அப்பா, இந்த உக்கிரபாண்டி அரைஞாண் கயிற்றோடு திரிந்த வயதிலிருந்தே அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறார். 'அண்ணே' அவர் காதில் ஒரு கணம் தட்டுப்பட்டு நின்றதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

சீனியம்மாள் முந்திக்கொண்டாள். அவள் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். "அப்ப நல்லதாப் போச்சு. ஊரு தெரிஞ்ச புள்ள, சாமி தெரிஞ்ச புள்ள. இவளே வரையட்டும்."

உக்கிரபாண்டியும் முகம் தெளிந்தார். "சரிதான். இந்தக் காலத்துல அதெல்லாம் பாத்தா முடியுமா? நல்லாக் கேட்டுக்கம்மா. மகுடம் இருக்கணும். பட்டுச்சேலை, கையில சூலம், காலடியில சிங்கம். மீனாட்சி கணக்கா லட்சணமா இருக்கணும்."

"சோணையம்மாவ வரைஞ்சு தாரேண்ணே" என்றாள் தங்கப்பொண்ணு.

மகுடத்துக்கு அவள் பதில் சொல்லவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

*

புளியங்கரைப்பட்டியில் சோணையம்மாவுக்கு இரண்டு கதைகள் உண்டு. மேலத்தெருக்காரர்கள் சொல்வது, கிணறு வெட்டும்போது கடப்பாரை பட்டு ஒரு கல்லில் ரத்தம் வந்தது, அந்தக் கல்தான் அம்மன் என்பது. கீழத்தெருவில் சொல்வது வேறு. சோணையம்மா கீழத்தெருப் பெண். நாற்று நடப் போன இடத்தில் மேலத்தெருப் பெரிய வீட்டுப் பையன் அவள்மேல் பிரியப்பட்டு, கிணற்றுமேட்டில் வைத்துத் தாலி கட்டிவிட்டான். அவனுடைய அண்ணன் தம்பிகள் அவளை அதே கிணற்றில் தள்ளிக் கொன்றார்கள். அதற்கப்புறம் பெரிய வீட்டில் பிறந்த பிள்ளை ஒன்றுகூடத் தங்கவில்லை. பயந்துபோய் கிணற்றடியில் கல்லை நட்டு, அவளுடைய சேலையையும் வளையலையும் ஒரு பெட்டியில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

எந்தக் கதை நிஜம் என்று ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் வழக்கம் ஒன்று மட்டும் விடாமல் இருந்தது. மாசிச் சிவராத்திரியன்று கீழத்தெருவிலிருந்து நெல் புடைக்கிற சுளகு ஒன்றில் கண்ணாடி வளையலும் மஞ்சளும் வைத்துக் கொண்டுபோய்க் கோயில் மதிலுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அது வந்த பிறகுதான் உள்ளே பெட்டியைத் திறப்பார்கள். 'பொறந்த வீட்டு வளையல்' என்று அதற்குப் பேர். மேலத்தெருவிலும் அதே பேர்தான் சொல்வார்கள். யாருடைய பிறந்த வீடு என்றுதான் கேட்பதில்லை.

அந்த மாசிக்குத் தங்கப்பொண்ணு ஊருக்குப் போனாள். சுளகை வழக்கம்போல அவளுடைய அப்பா சுடலைதான் தலையில் வைத்துக் கொண்டுபோனார். மதிலுக்கு வெளியே இறக்கி வைத்தார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். வெயிலில் திரும்பி நடக்கும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, சோணையம்மா பாக்க எப்படி இருந்தாளாம்?"

சுடலை நடையை நிறுத்தினார். "பாத்தவுக யாரு தாயி இருக்கா? நம்ம வீட்டுப் பொம்பளப் புள்ளைகளுக்கு எல்லாம் அவ நெத்திம்பாக. ஒங்க அத்தைக்கு இருந்துச்சு. ஒனக்கும் அதே அகல நெத்திதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எதுக்குக் கேக்குற?"

அவள் படத்தைப் பற்றிச் சொன்னாள்.

"அவுக சொன்ன மாதிரியே கிரீடத்தப் போட்டு, சிங்கத்தப் போட்டுக் குடுத்துட்டு வந்துரு. ஒனக்கு டவுனு இருக்கு. நா இங்க கெடந்து பொழைக்கணும்" என்றார் சுடலை.

அப்பாவின் பயம் அவளுக்குப் புரிந்தது. பயந்தே பழகிய மனுஷர். அவருக்காகவே பழங்காநத்தம் திரும்பியதும் முதலில் ஒரு தாளில் மகுடத்தோடு வரையத் தொடங்கினாள். மகுடம் நன்றாக வந்தது. சிங்கமும் வந்தது. ஆனால் மகுடத்துக்குக் கீழே முகத்தை வரைந்தபோது அது ஏதோ ஒரு காலண்டரில் பார்த்த முகமாகிவிட்டது. யாருடைய முகமும் இல்லை அது. உள்ளங்கையால் ஒரே தேய்ப்பாகத் தேய்த்தாள். மகுடமும் சிங்கமும் சாம்பல் புகையாகிப் போயின.

புதுத் தாளை எடுத்தாள்.

அகல நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். எண்ணெய் காணாத முடியை இழுத்துப் பின்னால் முடிந்த கொண்டை. காதில் தோடு கிடையாது, பனையோலைச் சுருள். மோவாயில் பச்சை குத்திய புள்ளிகள். ரவிக்கை இல்லாத தோளில் கட்டுச்சேலை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். முழங்கை வரை கண்ணாடி வளையல். கையில் சூலம் இல்லை. ஒரு பிடி நாற்று. கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். கெஞ்சுகிற கண் வேண்டாம், அழுகிற கண்ணும் வேண்டாம். தள்ளினவனைக் கிணற்றுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்க்கிற கண் வேண்டும். பென்சிலைச் சீவிச் சீவி அந்தப் பார்வையைக் கொண்டுவந்துவிட்டாள்.

பால்பாண்டி கரி மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு வந்து பார்த்தான். கும்பிடுவதா, வேண்டாமா என்று கை தடுமாறியது. கடைசியில், "கரி நம்ம கரி, தாளு நம்ம தாளு. சாமி அவுக சாமியாச்சே புள்ள. ஒத்துக்கிருவாகளா?" என்றான்.

"சாமியும் நம்ம சாமிதாங்க" என்றாள் தங்கப்பொண்ணு.

*

சித்திரையில் பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் காலை, படத்தை அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய தாளைப் போர்த்தி, கே.கே. நகர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கரி உதிராமல் இருக்கக் கடைசியில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஊத வேண்டும். வீட்டுக்காரர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகு ஊதுவதுதான் அவள் வழக்கம்.

வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் உறவுக்காரர்கள் நிறையப் பேர். மொசைக் தரையில் பாய் விரித்து நடுவில் உக்கிரபாண்டியின் பெரியப்பா மொக்கையன் உட்கார்ந்திருந்தார். சோணையம்மா கோயில் பெட்டியின் சாவி அவரிடம்தான். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

சீனியம்மாள் ஓடிவந்து, பூஜை அறை மாடத்தில் படத்தை வைக்கச் சொன்னாள். தங்கப்பொண்ணு வைத்துவிட்டுப் போர்த்தியிருந்த தாளை எடுத்தாள்.

பார்த்த சீனியம்மாள், "ஆத்தாடி" என்று நெஞ்சில் கை வைத்தாள். அந்தச் சத்தத்தில் ஹாலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். மொக்கையன் வழி விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பார்த்தார். அவர் முகம் கன்றிப்போனது.

"இது யாரு?"

"சோணையம்மா" என்றாள் தங்கப்பொண்ணு.

"கீழத்தெருக்காரி ஒருத்திய நாத்துக்கட்டோட நிப்பாட்டி வச்சுட்டு, சோணையம்மாங்குற? எங்க குலசாமிடீ அது!"

"ஒங்க குலசாமிதான். எங்க வீட்டுப் பொண்ணு."

சமையல்கட்டுப் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. உக்கிரபாண்டி பதறி இடையில் வந்தார். "அம்மா தங்கப்பொண்ணு, நா என்ன சொன்னேன்? மகுடம், பட்டு, சிங்கம்னு அம்புட்டும் சொன்னேன்ல. இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கு விசேஷம். இங்கயே உக்காந்து சட்டுன்னு மாத்திக் குடுத்துரு. கரிதானே, அழிச்சுட்டுப் போட வேண்டியதுதானே?"

"ஆமாண்ணே, கரிதான்" என்றாள் தங்கப்பொண்ணு. "இன்னும் அரக்கு ஊதல. கை பட்டாலே போயிரும்."

தோளில் கிடந்த பையிலிருந்து, கரி துடைக்கிற வெள்ளைத் துணியை எடுத்தாள். அதை உக்கிரபாண்டியிடம் கொடுக்கவில்லை. மொக்கையனுக்கு நேராக நீட்டினாள்.

"நா வரைஞ்சவ, என் கையால அழிக்க மாட்டேன். நீங்கதான் பெட்டிக்காரரு. நீங்களே தொடச்சு விடுங்க. ஒருதரம் கெணத்துல தள்ளுனீக. இப்பத் துணியக் கையில எடுத்து இன்னொருதரம் செய்யுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"ஏய்!" என்று யாரோ ஒரு இளவட்டம் பாய்ந்தான். மொக்கையனே அவனைக் கையைக் காட்டி நிறுத்தினார். துணியைப் பிடுங்கினார். மாடத்தை நோக்கி ஒரு எட்டு வைத்தார். துணி சுற்றிய கை சோணையம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. படத்திலிருந்த கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. துடைத்துவிடுவார் என்றே தங்கப்பொண்ணு நினைத்தாள். துடைத்தால் வீட்டுக்குப் போய் மறுபடி வரைவது என்றும் அந்த நேரத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

மொக்கையன் துணியைக் கீழே எறிந்தார்.

"எடுத்துட்டுப் போ இத. இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"மாமா..." என்று சீனியம்மாள் வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் உக்கிரபாண்டி.

தங்கப்பொண்ணு படத்தின் மேல் தாளைப் போர்த்தவில்லை. முகம் வெளியே தெரிய நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாழைமரம் கட்டிய வாசல் வழியாக வெளியே வந்தாள். கரி கலையாமல் படத்தை இரண்டு கையாலும் விறைப்பாக நீட்டிப் பிடித்தபடியே பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். எழுந்து இடம் கொடுத்த ஒரு பூக்காரம்மா, "என்ன சாமி தாயி?" என்று கேட்டு, மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அட்டையின் விளிம்பில் வைத்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அரக்கு ஊதினாள். இனி எந்தக் கை பட்டாலும் அழியாது. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, கரிக்கடைக்குள் கல்லாவுக்கு மேலே, தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி மாட்டினாள். சட்டம் அடிக்கும் முன்பே படத்தின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் 'தங்கப்பொண்ணு, புளியங்கரைப்பட்டி' என்று எழுதியிருந்தாள். அதுவரைக்கும் அவள் எந்தப் படத்திலும் பெயர் எழுதியதில்லை. சாமி படத்தில் மனுஷர் பேர் எதற்கு என்று இருந்துவிடுவாள்.

ஊரில் சுடலைக்கு வேலை நின்றுபோனது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எந்த வயலுக்கும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பழங்காநத்தத்துக்கு மோட்டார் சைக்கிளில் மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, படத்தைக் கழற்றச் சொன்னார்கள். பால்பாண்டி மூட்டை தூக்கித் தூக்கி உரம் ஏறிய ஆள். அதே அளவு பயந்த சுபாவமும் உண்டு. அன்றைக்கு என்னவோ, கரி அள்ளுகிற கூடையைக் கீழே வைத்துவிட்டு வாசலை அடைத்து நின்றான்.

"கரி வேணும்னா தாரேன். இல்லாட்டிப் போயிட்டு வாங்கண்ணே. யாவாரம் நடக்குற நேரம்" என்றான்.

எதிர்க்கடைகளிலிருந்தும் இரண்டு மூன்று பேர் இறங்கி வந்து நிற்கவே, வந்தவர்கள் வண்டியைத் திருப்பினார்கள். போன பிறகு பால்பாண்டி சாக்கின்மேல் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தான்.

சுடலை ஒருநாள் துணிமூட்டையோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "சொன்னேன்ல தாயி, கேட்டியா?" என்று புலம்பிக்கொண்டே கடைக்குள் நுழைந்தவர், மேலே பார்த்தார். அப்படியே நின்றார். நெற்றியில் அவருடைய அக்கா இருந்தாள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"இதே மாதிரி இன்னொண்ணு வரைவியா? நம்ம தெருவுக்கு?"

அவள் வரைந்தாள். சுடலை அதைத் தலையில் வைத்து ஊருக்குக் கொண்டுபோய்க் கீழத்தெருச் சாவடியில் மாட்டினார். பார்த்த பெண்கள் எல்லாம் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு அடையாளம் சொன்னாள். "எங்க ஆத்தா மூக்கு அவ மூக்கும்பாக, அதப் போட்டுக் குடு" என்றாள் ஒருத்தி. "சிரிச்ச மாதிரி போடாதடி, அவளுக்கு என்ன சிரிப்பு" என்றாள் இன்னொருத்தி. மழைக்காலம் முடிவதற்குள் கீழத்தெருவில் படம் இல்லாத வீடு இல்லை. ஒரு படம்போல இன்னொன்று இருக்காது. பார்வை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று.

*

மறுவருஷம் மாசி வந்தது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மேலத்தெருப் பங்காளிகள் வேன் வைத்து வந்து இறங்கியிருந்தார்கள். பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. மதிலுக்கு வெளியே சுளகு வரவில்லை.

மொக்கையன் ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்பி வந்து, வளையல் சுளகு சாவடியில் படத்துக்கு முன்னால் இருக்கிறது, கொண்டுவர மாட்டோம் என்கிறார்கள் என்றான்.

"யாரு சொன்னது?"

"சுடலை மக. பொறந்த வீட்டுச் சீரு வேணும்னா பொறந்த வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிடணுமாம். கூப்பிட்டா அவுகளே கொண்டாந்து பெட்டிக்கு முன்னால வைப்பாகளாம். மதிலுக்கு வெளிய எறக்க மாட்டாகளாம்."

ஆண்கள் கொதித்தார்கள். "செக்கானூரணியில வளையல் கடை இல்லையா? வண்டிய எடு" என்றார் மொக்கையன். ஒருவன் கிளம்பினான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சீனியம்மாள் எழுந்தாள். அவள் அதுவரை அந்தக் கோயிலில் வாய் திறந்து பேசியதில்லை.

"கடையில வாங்குன வளையலு பொறந்த வீட்டு வளையலு ஆகுமா மாமா? ஆகும்னு நீங்க பெட்டியத் தெறந்துருவீக. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா, புள்ளயப் பெத்த நாங்கதான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு நிக்கணும். நா போய்க் கூப்புட்டு வாரேன்."

"சீனி!" என்று உக்கிரபாண்டி அதட்டினார்.

"நீங்களும் வாங்க. புது வீடு கட்டி ஒரு வருஷமாகப் போகுது, இன்னும் அந்த மாடம் வெறுமாக் கெடக்கு. விளக்கேத்துறப்ப எல்லாம் அந்த மொகந்தான் எனக்கு அதுல தெரியுது."

சொல்லிவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் தனியாகப் போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். கடைசியாக, செருப்பை மாட்டுவதா வேண்டாமா என்று தயங்கி, வெறுங்காலோடு உக்கிரபாண்டியும் போனார்.

சாவடியில் தங்கப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். கீழத்தெருவே அவளுக்குப் பின்னால் நின்றது. மேலத்தெருப் பெண்கள் கூட்டமாக வருவதைப் பார்த்ததும் சுடலையின் கை தன்னை அறியாமல் தோள்துண்டை எடுக்கப் போனது. தங்கப்பொண்ணு அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

சீனியம்மாள் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சுடலையைப் பார்த்து, "அண்ணே, சீரு எடுத்துட்டு வாங்க. நேரமாகுது" என்றாள்.

சுடலை மகளைப் பார்த்தார். மகள் உக்கிரபாண்டியைப் பார்த்தாள். அவர் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நின்றார்.

"அண்ணனும் கூப்பிடட்டும்" என்றாள் தங்கப்பொண்ணு.

உக்கிரபாண்டி ஒரு எட்டு முன்னால் வந்தார். "வாங்க. எல்லாரும் வாங்க" என்றார். குரல் சரியாக எழும்பவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

சுடலை சுளகைத் தலையில் ஏற்றினார். பக்கத்தில் தங்கப்பொண்ணு படத்தை ஏந்திக்கொண்டாள். மதிலின் வாசலில் சுடலை ஒரு கணம் நின்றார். உள்ளே போவது அவருக்கு அதுதான் முதல்முறை. "போங்கப்பா" என்றாள். போனார்.

மொக்கையன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மதிலைத் தாண்டி வெளியே போய்விட்டார். அவரோடு சிலரும் போனார்கள். பெட்டியை உக்கிரபாண்டிதான் திறந்தார். உள்ளே நைந்துபோன கட்டுச்சேலைத் துணியும் உடைந்த கண்ணாடி வளையல்களும் இருந்தன. பட்டு இல்லை, பொன் இல்லை. அதைப் பார்த்த மேலத்தெருப் பிள்ளைகள் படத்தையும் பார்த்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் விளக்கவில்லை.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மொக்கையன் சிவகாசியில் சொல்லி, மகுடமும் சிங்கமும் வைத்து, ரோஸ் நிற முகத்தில் ஒரு சோணையம்மாவை அச்சடித்துக் கொண்டுவந்து பங்காளி வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். பாதிப் பேர் அதைத்தான் மாட்டினார்கள். சுடலையைப் பழைய வயலுக்குக் கூப்பிடவே இல்லை. அவர் மகளோடு வந்து கரிக்கடையைப் பார்த்துக்கொண்டார். கே.கே. நகர் வீட்டு மாடத்தில் கரிப்படம் ஏறியது. சீனியம்மாளே பழங்காநத்தம் வந்து, எதையும் மாற்றச் சொல்லாமல் வாங்கிப் போனாள். மூலையில் இருந்த பெயரைப் பார்த்து உக்கிரபாண்டி புருவத்தைச் சுருக்கினாராம். சுருக்கியதோடு விட்டுவிட்டாராம்.

அடுத்த ஆடியில், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கடை தேடி வந்தாள். கையில் மஞ்சப்பை, முகத்தில் வெயில். கல்லாவுக்கு மேலே இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றாள்.

"எங்க ஊருக் கம்மாக்கரையிலயும் ஒரு கல்லு இருக்குக்கா. சேல கட்டிக் கும்புடுவோம். மொகந்தான் இல்ல."

தங்கப்பொண்ணு அவளை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். புதுத் தாள் ஒன்றைப் பலகையில் வைத்து, நான்கு மூலையிலும் குத்தூசி குத்தினாள்.

"அவ பேரு என்ன? யாரு வீட்டுப் பொண்ணு? மொதல்ல அதச் சொல்லு" என்றாள்.